மூதாட்டிக்கு எதற்கு ‘வயதான’?

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த வேலை உரக்கப் படிப்பது. மூத்தவர் அச்சுப்படியை விரித்து வைத்துச் சிவப்புப் பேனாவுடன் உட்கார்ந்திருப்பார். நான் எதிரே அமர்ந்து கைப்பிரதியை வாசிப்பேன். விடுபட்ட சொல், இடம் மாறிய வரி எல்லாம் அப்படித்தான் பிடிபடும். நாளொன்றுக்கு இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கம். மாலைக்குள் தொண்டை கட்டிவிடும். உரைநடைக்கும் ஓசை உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தத் தொண்டை வலியில்தான்.

ஒரு நாவலின் தொடக்கம் இப்படி இருந்தது: ‘பழமையான அந்த இடிந்த வீட்டின் கனமான கதவை வயதான மூதாட்டி தன் நடுங்கும் மெலிந்த கைகளால் மெதுவாகத் திறந்தாள்.’ முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினேன். மூத்தவர் பேனாவை மூடினார்.

“தம்பி, இதில் எந்தச் சொல்லை எடுத்தால் உனக்கு வேறு வீடு தெரிகிறது?”

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ‘வயதான’ போனது, மூதாட்டி அப்படியே நின்றாள். ‘பழமையான’ போனது, ‘இடிந்த’ அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. ‘மெதுவாக’ போனது. நடுங்கும் கை வேறு எப்படித் திறக்கும்?

கல்லூரியில் மனப்பாடம் செய்த ஒரு நூற்பா அன்றுதான் எனக்கு விளங்கியது. ‘இனச்சுட்டில்லாப் பண்புகொள் பெயர்க்கொடை வழக்காறல்ல செய்யுளாறே’ என்கிறது தொல்காப்பியத்தின் கிளவியாக்கம். செந்தாமரை என்றால் வெண்டாமரையிலிருந்து பிரித்துக் காட்டுகிறோம். செஞ்ஞாயிறு என்றால் பிரித்துக் காட்ட வேறு ஞாயிறு இல்லை. இனம் பிரிக்காத அப்படிப்பட்ட அடைமொழி செய்யுளுக்கு உரியது, வழக்குக்கு உரியதன்று. கதையின் உரைநடை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது உண்மைதான். ஆனாலும் அது வழக்கின் பக்கமே சாய்ந்து நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்தாளரை அழைத்து, “அந்தக் கதவு எப்படி இருக்கும், ஐயா?” என்று கேட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. “பச்சை பெயின்ட் உரிந்து போயிருக்கும். எங்கள் தாத்தா வீட்டுக் கதவு அது.” வரி மாறியது: ‘பச்சை பெயின்ட் உரிந்த கதவை இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள் மூதாட்டி.’ கனம் இரண்டு கைக்குள் போய்விட்டது. ‘உரிந்த’ என்ற பெயரெச்சத்துக்குள் எத்தனையோ வருட வெயிலும் மழையும் இருக்கின்றன. ‘பழமையான’ என்பதில் எதுவும் நிகழவில்லை. தமிழில் பல பெயர்களோடு ‘ஆன’ சேர்த்து அடைமொழி செய்துவிடலாம் என்பதால் கை தானாக அதை நோக்கிப் போகிறது. அருமையான, பிரமாண்டமான, சோகமான. இன்றும் கைப்பிரதியில் ‘ஆன’ வந்தால் ஒரு கணம் நிற்கிறேன்.

வாக்கிய நீளத்தில் நான் செய்த தவறு இதைவிடப் பெரியது. சில வருடம் கழித்து, தனியாகத் திருத்தத் தொடங்கிய பிறகு, ஒரு சிறுகதை வந்தது. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் எழுதியது. அதில் கிழவர் ஒருவர் மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுபோகும் பகுதி: ‘பஸ்ஸை விட்டு இறங்கி, சாலையைக் கடந்து, வாசலில் காவலாளியிடம் பெயரைச் சொல்லி, தூக்குச்சட்டியில் கஞ்சி தளும்பாமல் படியேறி, வலப்பக்கம் திரும்பி, மூன்றாம் வார்டின் கடைசிக் கட்டிலுக்கு வந்தார். கட்டில் காலியாக இருந்தது.’

முதல் வாக்கியம் நீளம் என்று வெட்டினேன். பஸ்ஸை விட்டு இறங்கினார். சாலையைக் கடந்தார். காவலாளியிடம் பெயரைச் சொன்னார். சிறு வாக்கியமே நல்ல வாக்கியம் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

திருத்திய படியைப் பார்க்க அவர் நேரில் வந்தார். கோபப்படவில்லை. “நான் ஒரு முறை வாசிக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டார். முதலில் என் வடிவம். இறங்கினார், கடந்தார், சொன்னார், ஏறினார், திரும்பினார், வந்தார். ஒவ்வொரு ‘ஆர்’ வரும்போதும் கிழவர் நின்று நின்று நடந்தார். காலிக் கட்டில் அந்த வரிசையில் ஏழாவது வாக்கியமாக வந்து போனது.

பிறகு தன் வடிவத்தை வாசித்தார். இறங்கி, கடந்து, சொல்லி, ஏறி என்று எச்சங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடின. எங்கும் நிற்க முடியவில்லை. கஞ்சி ஆறிவிடக் கூடாதே என்ற அவசரம் எந்த அடைமொழியும் இல்லாமல் காதில் கேட்டது. அடைமொழி என்று இருந்தவை மூன்றாம், கடைசி என்ற இரண்டுதான். இரண்டும் கட்டிலை அடையாளம் காட்ட வந்தவை. ‘வந்தார்’ என்பதில் முதன்முறையாக மூச்சு விட்டேன். அந்த மூச்சு முடிவதற்குள் கட்டில் காலியாக இருந்தது.

அவர் தாளை மேசையில் வைத்தார். இருவரும் சற்று நேரம் பேசவில்லை. நான் பேனாவை எடுத்து, அடித்த சொற்களின் கீழே புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதினேன்.