மூலை வெட்டிய உறை

ஜூன் 8, சனி

புரூக்ளினில் ஒரு சர்ச் வாசலில் பழைய சாமான் விற்பனை. நான்கு அட்டைப்பெட்டி நிறைய எல்.பி. இசைத்தட்டுகள். முட்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த ஊரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் டிரம்பெட் வாசிக்கும் ஹெர்ப் ஆல்பர்ட் தட்டு ஒன்றாவது கிடக்கும், இதில் மூன்று. கடைசிப் பெட்டியின் அடியில் ராக் பாடகர் ஜோப்ரயத்தின் முதல் தட்டு! எலெக்ட்ரா கம்பெனி, 1973. தட்டு பளபளவென்று இருந்தது. ஆனால் உறையின் ஒரு மூலையைக் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். 8 டாலர். வெட்டுப்பட்டது எனக்கு வேண்டாம் என்று திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

ராத்திரி முழுக்க அதே நினைப்பு. விடிந்ததும் போய் நின்றேன். அப்படியே இருந்தது. “மழை வர்ற மாதிரி இருக்கு, 5 கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க” என்றார் பெரியவர்.

வீட்டில் மனைவி உறையைப் பார்த்தாள். உடைந்து சிதறும் பளிங்குச் சிலை போல, துணியில்லாமல் தவழும் ஜோப்ரயத். “இந்த ஆளுதான் ஏற்கெனவே ரெண்டு இருக்காரே?” அவை இரண்டும் வேறு அச்சு என்று விளக்க வாயெடுத்தேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஜூன் 12, புதன்

அந்த வெட்டைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். விற்காமல் தேங்கிய தட்டுகளைக் கம்பெனிகள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். அப்படி வாங்கியவர் முழு விலை கேட்டுத் திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று மூலையை வெட்டுவார்கள், இல்லையென்றால் ஓட்டை போடுவார்கள். ‘கட்-அவுட்’ என்று பெயர்.

இந்த மனிதருக்கு அந்த வெட்டு விழுந்த கதைதான் கொடுமை. புரூஸ் வேன் கேம்ப்பெல் என்பது இயற்பெயர். சிறு வயதிலேயே பியானோவில் சூரர். லாஸ் ஏஞ்சலஸில் ‘ஹேர்’ நாடகத்தில் நடித்தவர். மேனேஜர் ஜெர்ரி பிராண்ட் கையில் சிக்கினார். டைம்ஸ் சதுக்கத்தில் இதே சிலைப் படத்தை ராட்சத விளம்பரப் பலகையாக நிறுத்தினார் பிராண்ட். நியூயார்க் பஸ்களிலும் அதே படம். தன்பாலீர்ப்பை மறைக்காமல் ஒரு ராக் பாடகர் பெரிய கம்பெனிக்குப் பாட வருவது அப்போது புதுசு. பாரிஸ் ஓபராவில் அரங்கேற்றம் என்று தண்டோரா போட்டார்கள், நடக்கவே இல்லை. தட்டு வருவதற்கு முன்பே ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. 1974இல் இரண்டாவது தட்டு ‘கிரியேச்சர்ஸ் ஆஃப் தி ஸ்ட்ரீட்’ வந்தது. அதோடு கதை முடிந்தது.

ஆகவே இந்தத் தட்டு அபூர்வம் என்று யாராவது விலை ஏற்றினால் நம்பாதீர்கள். வெட்டுப்படாத உறைதான் கொஞ்சம் தேட வைக்கும்.

ஜூன் 27, வியாழன்

தபாலில் இதே தட்டின் வெள்ளை லேபிள் பிரதி வந்தது. ரேடியோ நிலையங்களுக்கு இலவசமாக அனுப்பியது, விற்பனைக்கு அல்ல. 45 டாலர் (வீட்டில் 20 என்று சொல்லியிருக்கிறேன்). மூலை முழுசாக இருக்கிறது.

விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். முதல் பக்கத்தின் முதல் பாட்டு மட்டும் சாம்பல் பூத்திருக்கிறது. மற்ற பாட்டுகள் எல்லாம் கருகருவென்று, ஊசியே படாத மாதிரி. ஓட்டிப் பார்த்தால் அந்த ஒரு பாட்டில் ‘ஸ்’ வரும் இடமெல்லாம் கரகரப்பு. எவரோ ஒருவர் முதல் பாட்டைப் பலமுறை போட்டிருக்கிறார், புரட்டிப் போடவே இல்லை.

இரண்டாம் பக்கத்தை இன்று நான் ஓட்டினேன். வாத்தியங்கள் அளவுக்கு மீறித்தான் இருக்கின்றன, மறுக்க மாட்டேன். கிதார், கோரஸ், வயலின் என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டியிருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் ஒதுங்கி, பியானோவும் குரலும் மட்டும் மிஞ்சும் சில நொடிகள் உண்டு. அதற்காகத்தான் நான்கு பிரதி.

ஜூலை 2, செவ்வாய்

வேலை முடிந்து 23ஆம் தெரு வழியாக நடந்தேன். செல்சி ஹோட்டல். கடைசிக் காலத்தில் ஜோப்ரயத் இங்கேதான் தங்கியிருந்தார். கோல் பெர்லின் என்று பெயரை மாற்றிக்கொண்டு பியானோ வாசித்துப் பாடிப் பிழைத்தார். 1983 ஆகஸ்டில் எய்ட்ஸால் இறந்தார். வயது 36. 1992இல் இங்கிலாந்துப் பாடகர் மோரிசி தன் சுற்றுப்பயணத்துக்கு இவரை அழைக்க ஆள் தேடினாராம், இறந்தது தெரியாமலே.

வெயில் தாங்கவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு ரயில் ஏறினேன்.

ஜூலை 21, ஞாயிறு

அதே சர்ச், அதே பெரியவர். ஜோப்ரயத் புகழுக்கு முன்னால் ‘பிட்ஜன்’ என்ற குழுவில் இருந்தார். டெக்கா கம்பெனி 1969இல் அவர்களுக்கு ஒரே ஒரு எல்.பி. போட்டது. நான் நிஜமாகத் தேடுவது அதைத்தான். இன்று இரண்டாவது பெட்டியில் அந்த உறை! கை நடுங்கியது. விலை 2 டாலர். உள்ளே எட்டிப் பார்க்காமலே காசைக் கொடுத்துவிட்டேன், பெரியவர் மனசு மாறிவிடுமோ என்ற பயம்.

ரயிலில் உட்கார்ந்துதான் தட்டை வெளியே இழுத்தேன்.

ஹெர்ப் ஆல்பர்ட்.