நாணலுக்குள் ஒரு மிடறு தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூட மலர்க்குழுவில் இருந்து பேசியவர், மாமரத்துக்குக் கல்லெறிந்ததையும் அதிபரிடம் அடி வாங்கியதையும் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் எழுதிவிட்டார்கள், வேறு ஏதாவது தாருங்கள் என்றார். சரி, நான் ஒரு வாத்துக்குஞ்சைப் பற்றி எழுதுகிறேன்.

1974, ஆறாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் ‘நூலகம்’ என்று நேரசூசியில் இருக்கும். எங்கள் நூலகம் அதிபரின் அறை வாசலில் நின்ற ஓர் அலுமாரி. அதன் திறப்பு எப்போதும் காணாமல் போயிருக்கும். அதனால் தமிழ் வாத்தியார் சன்னலில் சாய்ந்துகொண்டு கதை சொல்வார். அசிங்கமான வாத்துக்குஞ்சின் கதை இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு நீண்டது. வான்கோழி முகம் சிவந்து பாய்ந்து வருவதை அவர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டிச் செய்து காட்டினார். பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கதை முடிவில் அந்தக் குஞ்சு அன்னமாக வளர்ந்து நிற்கும். அன்னத்தை எங்களில் ஒருவரும் கண்டதில்லை. “பாலையும் தண்ணீரையும் பிரிக்குமே, அந்தப் பறவை” என்று வாத்தியார் ஒரு வரியில் முடித்தார். பனியென்றால் எங்களுக்கு மார்கழிக் காலையில் புல்லில் கிடப்பது. குளம் முழுக்க உறைந்து, குஞ்சின் கால் அதற்குள் இறுகிவிட்டது என்று அவர் சொன்னபோது, என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் எழும்பிக் கேட்டான்: “ஐஸ்பழம் மாதிரியா, சேர்?”

வகுப்பு சிரித்து ஓயவில்லை. மணியடித்துவிட்டது.

1986இல் நான் டென்மார்க்குக்கு வந்தேன். யூலண்ட் பக்கம், ஹேர்னிங் நகருக்குக் கிட்ட. மொழி வகுப்பில் நாலாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அதே வாத்துக்குஞ்சு ஒரு போட்டோகொப்பித் தாளில் வந்து நின்றது. அப்போதுதான் கதையை எழுதியவர் இந்த நாட்டுக்காரர் என்பதே எனக்குத் தெரியும். வாத்தியார் சொல்லியிருப்பார், நாங்கள் வான்கோழியில் இருந்திருப்போம். ஹான்ஸ் கிறிஸ்ரியன் அண்டர்சன், ஓடென்ஸ என்ற ஊரில் 1805இல் பிறந்தவர். தகப்பன் செருப்புத் தைத்தவர், தாய் ஊராரின் உடுப்புத் தோய்த்தவர். பதினாலு வயதில் தனியாகக் கோபன்ஹேகனுக்குப் போய்ப் பெரிய வீடுகளின் வாசல்களில் நின்றவர். இந்தக் கதை 1843 நவம்பரில் வந்தது.

அந்தத் தாளில் இருந்தது கிழவி வீட்டுப் பகுதி. எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாததால் மட்டும் விழாமல் நிற்கிற குடிசை. அதில் பூனை எசமான், கோழி எசமானி. உலகத்தில் பாதி தாங்கள்தான், அதுவும் நல்ல பாதி என்பது அவர்களுடைய எண்ணம். கோழி கேட்கும்: முட்டையிடத் தெரியுமா? தெரியாது. அப்படியென்றால் வாயை மூடு. பூனை கேட்கும்: முதுகை வளைத்து, உறுமி, உடம்பில் பொறி பறக்க வைக்கத் தெரியுமா? தெரியாது. அப்போ விவரம் தெரிந்தவர்கள் கதைக்கும்போது உனக்கு அபிப்பிராயம் கிடையாது. ஈரான்காரர், வியட்நாம்காரர், நாங்கள் நாலு தமிழர், எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். டெனிஷ் மொழியில் எனக்கு முதன்முதலாக விளங்கிய பகிடி அது. அந்த வாரம்தான் ஒரு வேலை விசாரிக்கப் போயிருந்தேன். ஊரில் சங்கக்கடையில் கணக்கு எழுதியவன் என்றேன். பன்றி வெட்டத் தெரியுமா என்று கேட்டார்கள்.

அதன்பிறகு எங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி விழாக்களில் இந்தக் குஞ்சு மேடையேறாத வருசம் குறைவு. மஞ்சள் கடதாசி அலகு, கடைசியில் வெள்ளைச் சேலைத் துண்டில் செட்டை. தாய்மார் கண் கலங்குவார்கள். குஞ்சு நாங்கள்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கும் இல்லை. முடிவு மட்டும் கொஞ்சம் உறுத்தும். அன்னத்தின் முட்டைக்குள் கிடந்திருந்தால், வாத்துப் பட்டியில் பிறந்தாலும் பரவாயில்லை என்று அண்டர்சன் எழுதுகிறார். செருப்புத் தைத்தவரின் மகன் தன்னைப் பற்றித்தான் சொல்கிறார், அது விளங்குகிறது. ஆனால் அந்தக் குஞ்சு அன்னத்தின் முட்டைக்குள் இல்லாமல் வெறும் வாத்தாகவே, அவலட்சணமான வாத்தாகவே இருந்திருந்தால்? கதையில் அதற்கு இடமில்லை. குலத்தில்தான் வந்து முடிகிறது.

மகளுக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு வரியும் சுருக்காத புத்தகத்தை வாசிகசாலையில் இருந்து எடுத்துவந்து இரவில் வாசித்துக் காட்டினேன். பட்டியை விட்டு ஓடிய குஞ்சு சதுப்பு நிலத்துக்கு வருகிறது. காலையில் காட்டுவாத்துகள் அதைச் சுற்றி நின்று பார்க்கின்றன. கொத்தவில்லை, கலைக்கவில்லை. நீ சரியான அவலட்சணம், ஆனால் எங்களுக்கென்ன, எங்கள் குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்யாமல் இருந்தால் சரி என்கின்றன. அடுத்த வரியில் அண்டர்சன் சொல்கிறார்: பாவம், அது கல்யாணத்தை நினைக்கவே இல்லை, நாணலுக்குள் படுத்து, கொஞ்சம் சதுப்புத் தண்ணீர் குடிக்க விட்டால் போதும் என்றிருந்தது.

மகள் தூங்கிவிட்டாள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே வாங்கு. 1930ஐ ஒட்டிய வருசங்களில் யாழ்ப்பாணத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கேட்டுப் பெரிய போராட்டம் நடந்தது. அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தும் அளவுக்குப் போனார்கள். அதெல்லாம் அப்பு காலத்துக் கதை. நாங்கள் படிக்கும்போது ‘ஐஸ்பழமும்’ நானும் ஒரே வாங்கில் முழங்கை முட்ட இருந்தோம், ஒரே கொம்பாஸ் பெட்டியைப் பாவித்தோம். பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் வீட்டுக்கும் வருவான், படலைக்கு உள்ளே, முற்றம் வரைக்கும். அம்மா “வா தம்பி” என்றுதான் கூப்பிடுவார். தேத்தண்ணியும் தருவார், பனங்கட்டித் துண்டோடு. எனக்கு மூக்குப்பேணியில். அவனுக்கு, கோடிப்பக்கத்து வேலியில் ஒரு கதியாலின் மேல் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியப் பேணியில்.

அவன் குடித்து முடிந்ததும் கிணற்றடிக்குப் போவான். துலாவைத் தொட மாட்டான். நான் அள்ளி ஊற்றுவேன். கழுவி, உதறி, அதே கதியாலில் கவிழ்த்துவிட்டு “வாறன்” என்று போவான். அதை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அம்மா வாய் திறந்து ஒரு கடுஞ்சொல் சொன்னதும் இல்லை.

வாத்தியார் அந்த வரியைச் சொல்லவில்லை. அவருடைய கதையில் காட்டுவாத்துகள் வந்ததும் வேட்டைக்காரர் வந்துவிட்டார்கள். அவர் படித்த புத்தகத்தில் அது இல்லாமல் இருந்திருக்கலாம். இருந்தும், வாங்கில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டுத் தாண்டியும் இருக்கலாம். நல்ல மனிதர்.

இங்கே எங்கள் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம். பொடியன் பொறியியலாளர், பெட்டை மருத்துவம் என்று எல்லாம் பொருந்திய பிறகு, போனில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி வரும்: “ஊரில எந்தப் பக்கம்?” கேட்கிறவர்கள் வாத்துக்குஞ்சு நாடகத்துக்குக் கண் கலங்கியவர்கள்தான். ஒருமுறை நானும் கேட்டிருக்கிறேன்.

1983க்குப் பிறகு அவனை நான் காணவில்லை. பாரிசில் இருக்கிறான் என்று ஒருவர் சொன்னார், ரொறன்ரோ என்றார் இன்னொருவர். பெயரை இங்கே எழுதவில்லை, அவனைக் கேட்காமல் எழுதக்கூடாது. இந்த மலர் நாடு நாடாகப் போகிறதாம். வகுப்பில் எழும்பி அந்தக் கேள்வியைக் கேட்டவன் இதை வாசித்தால், என் தொலைபேசி எண் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது. மாசியில் வந்தால் நல்லது. நல்ல குளிர் விழுந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளம் உறைந்திருக்கும், காட்டுகிறேன். ஐஸ்பழம் மாதிரி இல்லையடா. மேலே நடந்தால் அடியில் இருந்து சத்தம் வரும்.