தோட்டத்தில் சிக்னல் இல்லை என்று டீஆர்சிக்கு எழுதினோம்

பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: "டீச்சர், நீங்க கொழும்புக்கு எழுதினப்புறம்தானே டவர்ல வேலை செஞ்சாங்க, எப்படி எழுதினீங்க?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவைத்துவிட்டால் எல்லோருக்கும் உதவும். நாங்கள் எழுதியது டீஆர்சிக்கு, அதாவது ஃபோன் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அரசாங்க ஆணைக்குழுவுக்கு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியா மாவட்டத்தில், பொகவந்தலாவைப் பக்கம். ஃபெக்டரியும் துரை பங்களாவும் இருக்கும் கீழ் டிவிஷனில் ஃபோன் ஓரளவு வேலை செய்யும். மேல் டிவிஷன் மலைக்கு அந்தப் பக்கம், ஒரு மடிப்புக்குள் இருக்கிறது. லயத்து வாசலில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டு வாசலில், நின்றால் ஒரு கோடு வரும்; காம்பரா அறைக்குள் போனால் அதுவும் போய்விடும். கோயிலடியிலும் தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்திலும் மட்டும்தான் ஒழுங்காகப் பேசலாம். கொரோனா காலத்தில் பாடசாலை மூடியிருந்தபோது ஓ.எல். எடுக்கும் பிள்ளைகள், வாட்ஸ்அப்பில் வந்த பாடத்தை இறக்கிக்கொள்ள அந்த டாங்கியடியில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதையும் பொறுத்துக்கொண்டோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதுதான் பொறுக்க முடியாமல் போனது. மின்சாரம் நின்று கொஞ்ச நேரத்தில் டவரும் நின்றுவிட்டது. மண்சரிவு எச்சரிக்கை எந்தப் பக்கத்துக்கு, யார் எங்கே போய்த் தங்குவது, எதுவும் மேல் டிவிஷனுக்குத் தெரியவில்லை. கீழே இருந்து இரண்டு பொடியன்கள் அந்த மழைக்குள் நடந்து போய்ச் சொன்னார்கள். எங்கள் பக்கம் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அந்தப் பொடியன்கள் ஏறிய பாதையை அடுத்த நாள் பார்த்தபோது எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. ஒரு எஸ்எம்எஸ் செய்ய வேண்டிய வேலைக்கு இரண்டு பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்திருக்கிறோம்.

நாங்கள் பாவிக்கும் ஃபோன் கம்பெனிக்கு அதற்கு முன்பே பலரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். ஹாட்லைனுக்கு எடுத்தால் தமிழில் பேசும் பிள்ளை மரியாதையாகக் கேட்கும். முறைப்பாட்டு இலக்கம் எஸ்எம்எஸ்ஸில் வரும். அப்புறம் சில நாளில் முறைப்பாடு தீர்க்கப்பட்டது என்று இன்னொரு எஸ்எம்எஸ் வரும். லயத்தில் எதுவும் மாறியிருக்காது.

ஹட்டனில் ஃபோன் கடை வைத்திருக்கும் என் தம்பிதான் 1900 என்ற இலக்கத்தைச் சொன்னான். "அக்கா, கம்பெனிக்கு மேல கேக்குறதுக்கு ஒரு இடம் இருக்கு. ஆனா கம்பெனி குடுத்த முறைப்பாட்டு நம்பர் இல்லாம அங்க போகாதீங்க." அவன் சொன்னது சரி. இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, அதாவது எல்லோரும் டீஆர்சி என்று சொல்வது, முதலில் கேட்பதே கம்பெனியிடம் முறையிட்டீர்களா, என்ன பதில் வந்தது என்பதைத்தான். அதனால் அந்த எஸ்எம்எஸ்களை யாரும் அழித்துவிடாதீர்கள். தீர்க்கப்பட்டது என்று வந்ததும் ஒரு சான்றுதான்.

இந்த இடத்தில் டீஆர்சி என்ன செய்கிற இடம் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதையும் ஒரு ஃபோன் கம்பெனி என்றுதான் நினைத்திருந்தார்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தை 1996இல் திருத்தி இந்த ஆணைக்குழுவை அமைத்தார்கள். கம்பெனிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது அமைச்சர்; ஆனால் சிபாரிசு ஆணைக்குழுவுடையது. நாட்டின் வானொலி அலைவரிசை முழுவதையும் நிர்வகிக்கும் அதிகாரமும் சட்டப்படி அதற்குத்தான். கம்பெனிகள் அந்த அலைவரிசையைப் பணம் கட்டிப் பாவிக்கின்றன, அவ்வளவுதான். அலைவரிசை பொதுச்சொத்து. பாவனையாளர் முறையிட்டால் விசாரித்துப் பரிகாரம் செய்விக்கும் பொறுப்பும் ஆணைக்குழுவுக்குச் சட்டத்தில் இருக்கிறது. இதை மேல் டிவிஷன் கூட்டத்தில் சொன்னபோது, கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா, "அப்ப நாங்க கெஞ்சுறதில்ல, கேக்குறதுதானே?" என்றார். ஆமாம் என்று சொன்னேன்.

இனி முக்கியமான வேலை. "சிக்னல் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கே இல்லை, எப்போது இல்லை, எவ்வளவு இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு சீஆர் கொப்பியில் கோடு போட்டு இடம், தேதி, நேரம், ஃபோன் மாடல், சிக்னல் அளவு என்று கட்டம் பிரித்தோம். அளவு எடுப்பது கஷ்டமே இல்லை. ஆண்ட்ராய்டு ஃபோனில் செட்டிங்ஸ், அபவுட் ஃபோன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் மைனஸ் போட்டு ஒரு எண்ணும் பக்கத்தில் டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) என்றும் இருக்கும். பூச்சியத்துக்குக் கிட்ட வரவர சிக்னல் பலம். 4ஜி என்றால் மைனஸ் 90 நல்லது, மைனஸ் 110ஐத் தாண்டினால் மோசம், 120 என்றால் அனேகமாக ஒன்றும் நடக்காது. ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் இதைப் பொறுப்பெடுத்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, இரவில் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது ஒரு தடவை. ஒவ்வொரு லயத்திலும் வாசலில் ஒன்று, உள்ளே ஒன்று.

அந்தக் கொப்பியைப் பார்த்தபோதுதான் எங்களுக்கே ஒன்று விளங்கியது. லயங்களில் இரண்டு விதமான கோளாறு இருந்தது. ரோட்டோரத்து லயங்களில் எண் மைனஸ் 95 பக்கம் நன்றாகவே இருக்கும். ஆனால் இரவு ஏழு மணிக்கு மேல் டேட்டா நகராது. அது ஒரே டவரில் ஆட்கள் கூடிவிடுவதால் வருவது. மேல் லயங்களில் பகலோ இரவோ எப்போதும் மைனஸ் 118, 120. அது மலை மறைப்பது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், கம்பெனி சுலபமானதுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடக்கூடும். அதனால் இரண்டு தலைப்பாகப் பிரித்து எழுதினேன். மூன்றாவதாக, மின்சாரம் போனால் டவர் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது என்பதையும் தேதியோடு எழுதினோம்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதினேன். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். நம் ஆட்கள் கையெழுத்துப் போடும் கடிதம் அவர்கள் வாசிக்கிற மொழியில் இருக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், ஃபோன் இலக்கம், கம்பெனியின் முறைப்பாட்டு இலக்கம், டிவிஷனின் பெயர், கிராம சேவகர் பிரிவு எல்லாம் முதல் பக்கத்தில். கொப்பியின் போட்டோகொப்பி பின்னால். கூகுள் மேப்பில் ஒவ்வொரு லயத்திலும் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் இரண்டு எண்களையும் சேர்த்தோம். ஏனென்றால் எங்கள் ஆட்களுக்கு வீட்டு இலக்கம், தெருப் பெயர் என்று ஒன்றும் கிடையாது. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் கீழ் டிவிஷன் ஃபெக்டரியைத்தான் வந்து பார்ப்பார்கள், அங்கே சிக்னல் இருக்கிறதே.

கையெழுத்து வாங்கும்போது ஒரு சிக்கல் வந்தது. பலருடைய சிம் அவர்கள் பெயரில் இல்லை. கொழும்பில் வேலை செய்யும் மகன் வாங்கிக் கொடுத்தது, சவூதிக்குப் போன மகள் விட்டுப் போனது, இப்படி. முறைப்பாட்டில் சந்தாதாரராக யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பேச முடியும். அதனால் சொந்தப் பெயரில் சிம் உள்ளவர்களை முதல் பட்டியலாகவும் மற்றவர்களை ஆதரவுக் கையெழுத்தாகவும் போட்டோம். தோட்டத் தலைவர் எல்லா லயத்துக்கும் கூடவே வந்தார். அவர் வந்திராவிட்டால் இது நடந்திருக்காது.

கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தை, இலக்கம் 276க்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். தபால் ரசீதைக் கொப்பியில் ஒட்டி வைத்தேன். 1900க்கும் எடுத்து, கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்டு, அவர்களுடைய கோப்பு இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன். டீஆர்சி முறைப்பாட்டைக் கம்பெனிக்கு அனுப்பி விளக்கம் கேட்கும். வித்தியாசம் அங்கேதான் தெரிந்தது. ஹாட்லைனில் பேசியவர்கள் அதுவரை "பார்க்கிறோம்" என்றார்கள். இப்போது கம்பெனியின் இன்ஜினியர் ஒருவரே ஃபோன் எடுத்து, எந்த லயம், எந்தப் பக்கம் பார்த்த மலை என்று கேட்டார். அவர் நேரில் வந்தபோது கொப்பியைக் கையில் கொடுத்தோம். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அந்த நான்கு பேரின் முகத்தையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

எதிர் மலை டவரில் எங்கள் பக்கம் பார்த்த அன்டெனாவின் சாய்வை மாற்றினார்கள். பேட்டரியும் மாற்றினார்கள்; இப்போது மின்சாரம் போனாலும் டவர் முன்பை விட நீண்ட நேரம் வேலை செய்கிறது. ரோட்டோரத்து லயங்களில் இரவில் டேட்டா ஓடுகிறது. மேல் லயங்களில் நடுவில் உள்ளவற்றில் மைனஸ் 118 இருந்தது 102க்கு வந்திருக்கிறது. கோயிலுக்கு மேலே உள்ள கடைசி லயங்களுக்கு மட்டும் இதனால் பயனில்லை. மலை நடுவில் நிற்கிறது, அன்டெனாவைத் திருப்பி ஒன்றும் ஆகாது, புது டவர்தான் வேண்டும் என்று இன்ஜினியர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

புது டவர் என்பது வேறு பாதை. தோட்ட நிலம் அரசாங்கத்துடையது. 1992இல் நிர்வாகம் தோட்டக் கம்பெனிகளிடம் போனதில் இருந்து குத்தகையில் இருக்கிறது. ஆகவே தோட்டக் கம்பெனியின் சம்மதம் வேண்டும். பிரதேச சபை அனுமதி வேண்டும். எங்கள் மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தில் மண்சரிவு ஆபத்து இல்லை என்று சொல்ல வேண்டும். இந்த நிபந்தனையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். டித்வாவுக்குப் பிறகு அதைத் தடை என்று யாரும் சொல்லக் கூடாது. கிராமங்களுக்கு டவர் கொண்டுபோக டீஆர்சியிடம் 'கமட்ட சன்னிவேதனய' என்ற திட்டமும் இருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கியது. வெளிநாட்டில் இருந்து வரும் அழைப்புகளுக்கு அறவிடும் தொகையில் ஒரு பங்கு தொலைத்தொடர்பு வளர்ச்சிக்கென்று போகிறது. குவைத்தில் இருந்தும் சவூதியில் இருந்தும் வருடக்கணக்காக வீட்டுக்கு அழைத்துப் பேசியவர்கள் எங்கள் லயத்துப் பெண்கள். அந்தப் பணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் அசைக்க முடியாத எண்ணம்.

எங்கள் பிரிவுக்கு டவர் விண்ணப்பம் ஏதும் இருக்கிறதா என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் டீஆர்சியின் தகவல் அலுவலரிடம் கேட்டேன். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்தது: ஓர் இடம் பார்க்கப்பட்டிருக்கிறது, நிலச் சம்மதம் இன்னும் வரவில்லை. இது தெரிந்திராவிட்டால் நாங்கள் திரும்பவும் ஃபோன் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டு இருந்திருப்போம்.

இப்போது தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். பிரதிகள் பிரதேச செயலாளருக்கும் டீஆர்சிக்கும். கொப்பியில் புதுப் பக்கம் தொடங்கிக் கடைசி லயங்களின் அளவை மட்டும் தொடர்ந்து எடுத்து வருகிறார்கள். ஏ.எல். முடித்த பிள்ளைகள் போனபிறகு அந்த வேலையை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். கட்டம் போட்ட மாதிரிப் பக்கம் தம்பியின் கடையில் இருக்கிறது. கேட்டால் போட்டோகொப்பி எடுத்துத் தருவான்.