தேதி தெரியும் முன்பே முடிந்துபோன கெடு: நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் நான் வாக்களித்த கதை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாக்குரிமை பெற்றிருக்கும் நம்மவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. அதிபர் பிரைமரிக்காக, அதாவது கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் வாக்குப்பதிவுக்காக, கட்சிப் பதிவை மாற்றிக்கொள்ளும் கெடு, பிரைமரி எந்த நாளில் என்று அறிவிக்கப்படுவதற்கு முன்பே முடிந்துவிடக்கூடும். 2023இல் அதுதான் நடந்தது. கெடு அக்டோபர் 6. மாநிலச் செயலாளர் டேவிட் ஸ்கேன்லன் தேதியை அறிவித்ததோ நவம்பர் 15. இந்த இடைவெளியில்தான் என் வாக்கு காணாமல் போகப் பார்த்தது.

சிக்கலுக்கு வித்து விழுந்தது 2022 செப்டம்பரில் நடந்த மாநிலப் பிரைமரியில். இங்கே எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் இரண்டு கட்சிகளில் எதன் வாக்குச்சீட்டையும் கேட்டு வாங்கலாம். ஆனால் வாங்கியதும் அந்தக் கட்சிக்காரராகவே பதிவாகிவிடுவோம். வெளியேறும் முன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மீண்டும் கட்சி சாராதவர். அந்த முறை குடியரசுக் கட்சியின் சீட்டை வாங்கினேன். திரும்பும்போது படிவத்தையும் நிரப்பி மேசையில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஓராண்டு கழித்து மாநில இணையதளத்தில் என் விவரத்தைத் தேடினால், கட்சி என்ற இடத்தில் 'குடியரசுக் கட்சி' என்றே நிற்கிறது. நான் கொடுத்த படிவம் எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அப்படியே விட்டால் ஜனநாயகக் கட்சியின் சீட்டு எனக்குக் கிடைக்காது. எனவே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஊர் அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்மணி கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே பதில் சொன்னார். “பிரைமரி எப்போது என்று இன்னும் முடிவாகவில்லை. தேதி வந்த பிறகு வாருங்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு வாக்குச்சாவடியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.” இரண்டுமே தவறு. ஒரு கட்சியில் பதிந்தவர் வாக்குப்பதிவு நாளில் மறு கட்சிக்கு மாறவே முடியாது. தேதி வரும் வரை காத்திருந்தால் கெடு போய்விடும். அப்போது எனக்கு அது தெரியாது. சொல்ல வேண்டியவர் அவர். படிவம் கேட்டேன், அதுவும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

தேதி ஏன் முடிவாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் இதன் வேர். இந்த மாநிலம் 1920 முதல் நாட்டின் முதல் பிரைமரியை நடத்திவருகிறது. 1975இல் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். இன்று அந்தச் சட்டம் சொல்வது இது: வேறெந்த மாநிலமும் இதுபோன்ற தேர்தலை நடத்துவதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாக இங்கே நடந்தாக வேண்டும், நாளைக் குறிப்பவர் மாநிலச் செயலாளர். அயோவாவில் நடப்பது காக்கஸ், அதாவது கட்சிக்காரர்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டம், என்பதால் அது இந்தக் கணக்கில் வராது. மற்ற மாநிலங்கள் எங்கே நகர்கின்றன என்று பார்த்துவிட்டுக் கடைசியில்தான் செயலாளர் தேதியைச் சொல்வார். 2023இலோ நகர்வு எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. அப்போது அதிபராக இருந்த பைடன் கேட்டுக்கொண்டபடி ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு பிப்ரவரியில் புது வரிசை போட்டது: முதலில் தென் கரோலினா, 2024 பிப்ரவரி 3. அதன் பிறகே நியூ ஹாம்ப்ஷயரும் நெவாடாவும். அதற்குப் பின் ஜார்ஜியா, மிச்சிகன். கட்சி ஒரு நாளைச் சொல்ல, மாநிலச் சட்டம் வேறொன்றைச் சொல்ல, நடுவில் நாங்கள்.

நல்லவேளையாக, நாஷுவாவில் இருக்கும் நண்பர் ஒருவர் வழி சொன்னார். ஒவ்வோர் ஊரிலும் வாக்காளர் பட்டியலுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். கெடு நாளன்று அவர்கள் கட்டாயம் அமர வேண்டும். எங்கள் ஊரில் அன்று மாலை அவர்கள் கொஞ்ச நேரம்தான் அமர்ந்தார்கள். போனேன், கையெழுத்துப் போட்டேன், வேலை முடிந்தது. அங்கிருந்த முதியவர், பட்டியலில் என் பெயருக்கு நேரே திருத்தம் எழுதுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். படிவத்தைப் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். நீங்களும் கேளுங்கள். ஊர் அலுவலக ஜன்னலில் கை விரித்தால் சோர்ந்து திரும்பிவிடாதீர்கள். மேற்பார்வையாளர்கள் எப்போது அமர்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

நவம்பரில் தேதி வந்தது: 2024 ஜனவரி 23. கட்சி விதியை மீறிய தேதி என்பதால் பைடன் இங்கே மனுவே தாக்கல் செய்யவில்லை. ஜனவரி தொடக்கத்தில் தேசியக் குழுவிலிருந்து மாநிலக் கட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தப் பிரைமரி பொருளற்றது, மக்களுக்கு அதை எடுத்துச் சொல்லுங்கள் என்றது கடிதம். படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மாநிலத் தலைமை வழக்கறிஞர், வாக்காளர்களிடம் இப்படிப் பேசுவதை நிறுத்துங்கள் என்று பதில் அனுப்பினார்.

தேசியக் குழுவின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. இந்த மாநிலத்தில் பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். எங்கள் ஊர்க் கூட்டங்களில் என் நிறத்தில் இன்னொருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். கட்சியின் முதுகெலும்பான கறுப்பின வாக்காளர்கள் தென் கரோலினாவில் இருக்கிறார்கள். 2020இல் இங்கே ஐந்தாவதாக வந்த பைடனைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள். அவர்கள் முதலில் வாக்களிக்கட்டும் என்றால் என் முழு ஆதரவு உண்டு. ஆனால் இங்கே சட்டத்தை மாற்ற வேண்டிய ஆளுநரும் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில். எங்களால் மாற்ற முடியாத சட்டத்துக்காக எங்கள் வாக்கைப் பொருளற்றது என்றார்கள். குடியுரிமைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வாக்கு அது. அதை அப்படிச் சொல்ல எந்தக் குழுவுக்கும் உரிமை கிடையாது.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, அந்த நாஷுவா நண்பரே பதற்றத்தோடு அழைத்தார். “அண்ணா, வீட்டுக்காரிக்கு ஒரு ஃபோன் வந்தது. பைடன் குரலேதான். செவ்வாய்க்கிழமை போட வேண்டாம், வாக்கை நவம்பருக்குச் சேமித்து வையுங்கள் என்கிறார். இப்போது போட்டால் அப்போது போட முடியாதா? சட்ட மீறல் ஆகிவிடுமா?” செயற்கை நுண்ணறிவில் செய்த போலிக் குரல் என்பது பிறகு வெளியானது. பிரைமரியில் வாக்களிப்பதால் நவம்பர் வாக்கு பறிபோகாது என்று அவருக்குப் புரியவைக்க நேரம் பிடித்தது. குடியுரிமை வாங்கி அதிக நாள் ஆகாதவர்களுக்குச் சட்ட மீறல் என்ற பேச்சே போதும், வீட்டை விட்டு இறங்க மாட்டார்கள். அந்த அழைப்பைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தம்பதியர் இருவரும் கடைசியில் போய் வாக்களித்தார்கள். அதில் எனக்குப் பெரும் நிறைவு.

வாக்குச்சாவடியில் இன்னொரு முட்டுக்கட்டை. மேசைகளைக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி பிரித்திருந்தார்கள். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அந்த இடத்தில் நிற்பது அப்பாவின் பெயர். பட்டியலைப் புரட்டியவர் என் பெயரின் எழுத்திலேயே தேடிவிட்டு “உங்கள் பெயர் இல்லை” என்றார். புதிதாகப் பதிகிறவர்களின் வரிசையைக் காட்டி அங்கே போகச் சொன்னார். நான் நகரவில்லை. ஓட்டுநர் உரிமத்தை நீட்டி, அப்பாவின் பெயரில் தேடுங்கள் என்று வற்புறுத்தினேன். தேடினார், இருந்தது, பெயரை உரக்கப் படித்தார். நம்மவர்கள் யாராவது இப்படித் திருப்பி அனுப்பப்பட்டால் அசையாதீர்கள். பழைய பதிவு இருக்கும்போதே புதுப் பதிவு செய்தால் அடுத்த முறைக்கு வேறு குழப்பம் முளைக்கும்.

சிவப்பு, வெள்ளை, நீலக் கோடு போட்ட துணித்திரைக்குள் நின்று சீட்டை விரித்தேன். ஆயிரம் டாலர் கட்டினால் பெயர் வந்துவிடும் என்பதால் 21 பேர் வரிசை கட்டி நின்றார்கள். அதிபரின் பெயர் மட்டும் இல்லை. கடைசியில், சீட்டில் இல்லாத பெயரை நாமே எழுத ஒரு வெற்றுக் கோடு, பக்கத்தில் ஒரு நீள்வட்டம். எப்படி எழுத வேண்டும் என்று முன்பே அங்கிருந்தவரிடம் கேட்டிருந்தேன். வட்டத்தை நிரப்புங்கள், கோட்டில் எழுதுங்கள், எந்தப் பெயரையும் தாம் உச்சரிக்கக் கூடாது என்றார். சரியான பதில்தான். எனவே எழுத்துக் கூட்டலை வீட்டிலேயே பார்த்துக்கொண்டு போங்கள். ஜோ பைடன் என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மெதுவாக எழுதினேன்.

வெளியேறும் மேசையில் மறுபடியும் அதே படிவம். இம்முறை கையெழுத்திட்டதும் படம் பிடித்துக்கொண்டு, வாங்கியவர் அதைப் பெட்டிக்குள் போடும் வரை நின்றேன். சில வாரம் கழித்து இணையதளத்தில் பார்த்தபோது கட்சி சாராதவர் என்று மாறியிருந்தது.

பெயரே அச்சிடப்படாத பைடன், மக்கள் கையால் எழுதிய வாக்குகளால் ஏறத்தாழ 64 சதவீதம் பெற்று வென்றார். 1968இல் அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சனும் இங்கே இப்படித்தான், சீட்டில் பெயர் இல்லாமல், எழுதப்பட்ட வாக்குகளால் முதலிடம் பெற்றார். 2024 ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டில் எங்கள் மாநிலப் பிரதிநிதிகளுக்கும் இடம் தந்தார்கள். பொருளற்றது என்ற பேச்சு என்னாயிற்று என்று யாரும் விளக்கவில்லை.

ஆனால் அந்தப் பேச்சு வேறொரு இடத்தில் பயன்பட்டது. போலி அழைப்புக்குப் பின்னால் இருந்த அரசியல் ஆலோசகருக்கு மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மாநிலம் தொடுத்த குற்ற வழக்கு 2025 ஜூனில் நீதிமன்றத்துக்கு வந்தபோது, தேசியக் குழு ஏற்காத அந்தப் பிரைமரி வெறும் கருத்துக்கணிப்பு போன்றதுதான், வாக்களிப்பதைத் தடுப்பதற்கு எதிரான மாநிலச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று அவருடைய தரப்பு வாதிட்டது. நடுவர் குழு அவரை விடுவித்துவிட்டது. கட்சி எழுதிய கடிதத்தின் விலை அன்று எனக்கு முழுதாகத் தெரிந்தது.

2028க்கு யார் முதலில் என்ற சண்டை இப்போதே தொடங்கிவிட்டது. அது முடியும் வரை தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். 2027 கோடையிலேயே உங்கள் கட்சிப் பதிவை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். தவறாக இருந்தால் செப்டம்பருக்குள் நேரில் போங்கள், உரிமத்தையும் குடியுரிமைச் சான்றிதழையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.