மதகு மூடி

1998 மே மாதம். பத்தாம் வகுப்பு. தமிழ் ரீச்சர் கரும்பலகையில் தலைப்பை எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்: ‘நான் மாநகர முதல்வரானால்’. வழக்கமாக ‘நான் ஒரு பறவையானால்’, ‘பழைய குடையின் சுயசரிதை’ என்று ஓடுகிற ஆள் அவர். அதனால் பின் வாங்கில் ஒரே சலசலப்பு. சிலருக்கு மாநகர முதல்வர் என்றால் யார் என்றே விளங்கவில்லை. “மேயரடி” என்று யாரோ சொன்னதும்தான் எல்லோரும் கொப்பியைத் திறந்தோம்.

விளங்காமல் போனதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் அதற்கு முன் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 1983இல், எங்களில் பாதிப்பேர் பிறந்த ஆண்டு. அப்புறம் 1998 ஜனவரி 29இல்தான். இடையில் பதினைந்து வருடங்களாக ஊரில் சபை என்று ஒன்று இருந்ததே எங்களுக்குத் தெரியாது. வாய்க்கால் அடைத்தால் அப்பாமார் மண்வெட்டி எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். குப்பையை வளவுக்குள்ளேயே கொளுத்துவோம். வீதி விளக்கு என்றால் கம்பம் மட்டும்தான். போரால் ஊரே வெளியேறிய 95 இடம்பெயர்வு முடிந்து ஊர் திரும்பி இரண்டு வருடம். எங்கள் பக்கம் மின்சாரமும் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. கொழும்புக்குப் போவதென்றால் ஒன்று கப்பல், இல்லையென்றால் பலாலியில் விமானம். இந்தக் காலத்தில்தான் மதில்களில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னம் ஒட்டப்பட்டது. பலர் வாக்களிக்கப் போகவில்லை. எங்கள் வீட்டில் அப்பம்மா மட்டும் போய் வந்தா. யாருக்குப் புள்ளடி போட்டாய் என்று கேட்டதற்கு, “அது உனக்கேன்?” என்று அடுப்படிக்குள் போய்விட்டா.

தமிழர் விடுதலைக் கூட்டணிக்குத்தான் அதிக ஆசனங்கள். திருமதி சரோஜினி யோகேஸ்வரன் மேயர் ஆனார். யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர். சபை நடந்தது நல்லூரில். நூலகத்துக்குப் பக்கத்தில், புல்லுக்குளக் கரையில் இருந்த பழைய நகர மண்டபம் சண்டையில் அழிந்து போயிருந்தது.

அவரை நான் நேரில் கண்டதில்லை. கண்டதாக இப்போது சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் இல்லை. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அப்பம்மா சொன்னது, பிறகு பேப்பரில் படித்தது. கணவர் வெ. யோகேஸ்வரன் சட்டத்தரணி, 1977இல் யாழ்ப்பாணத் தொகுதி எம்.பி. 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் நூலகம், ஈழநாடு பத்திரிகைக் காரியாலயம், கட்சி அலுவலகம் இவற்றோடு அவர்களுடைய வீடும் போனது. நூலகம் எரிந்ததை நாம் எங்கள் சங்கம் வெளியிடும் எல்லா மலரிலும் எழுதுகிறோம், தொண்ணூற்றேழாயிரம் புத்தகம் என்று கணக்கும் சொல்கிறோம். அந்த வீட்டைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. 1989 ஜூலை 13, கொழும்பு. பேச வந்தவர்கள் என்று உள்ளே விட்டவர்கள், கூட்டணித் தலைவர்களில் ஒருவரான அமிர்தலிங்கத்தையும் யோகேஸ்வரனையும் சுட்டுக் கொன்றார்கள். இவ்வளவும் நடந்த பிறகு ஒரு மனுஷி ஊருக்குத் திரும்பி வந்து, வேட்புமனுவில் கையெழுத்துப் போடுகிறார். அந்த வயதில் எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. இன்றைக்கு, பனிக்காலத்தில் ஒரு பெற்றோர் கூட்டத்துக்குப் போகவே ஆயிரம் சாட்டுச் சொல்கிற எனக்கு, படுகிறது.

சரி, கட்டுரைக்கு வருகிறேன்.

நான் எழுதியது சும்மா இல்லை, ஐந்து பக்கம். புல்லுக்குளத்தின் நடுவில் வர்ண நீரூற்று. கோட்டையைச் சுற்றி மின்சார ரயில். முற்றவெளியில் மிருகக்காட்சிச்சாலை, அதில் இரண்டு ஒட்டகச்சிவிங்கி. ஒட்டகச்சிவிங்கிக்கு எங்கே இருந்து இலை வெட்டுவது என்று கூட யோசித்து எழுதியிருந்தேன். கடைசிப் பக்கத்தில், நல்ல முடிவாக இருக்கட்டுமே என்று, ‘நான் மேயரானால் வீட்டு வாசலிலேயே மக்களைச் சந்திப்பேன், காவலுக்கு ஒருவரையும் நிறுத்த மாட்டேன்’ என்று முடித்தேன். இது என் சொந்தக் கற்பனை இல்லை. புது மேயர் படைக்காவல் வேண்டாமென்று விட்டார் என்று ஊரில் பேச்சு இருந்தது. சென்றிக்குச் சென்றி, அதாவது ஒவ்வொரு இராணுவக் காவலரணிலும், சைக்கிளை விட்டு இறங்கி நடந்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய வீரம் என்று நினைத்துப் பாருங்கள்.

என் பக்கத்தில் இருந்தவள் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. அவளுடைய பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறாள், போடவில்லை. எங்கள் வகுப்பார் எல்லோருக்கும் யாரென்று தெரியும். அவள் எழுதியது அவளுடைய ஒழுங்கை முகப்பில் இருந்த மதகைப் பற்றி. அதன் மேல்மூடி எப்போதோ ஷெல் விழுந்து உடைந்து போயிருந்தது. இருட்டில் வந்த அவளுடைய அப்பா சைக்கிளோடு உள்ளே விழுந்து, மூன்று கிழமை கையைக் கட்டிக்கொண்டு திரிந்தார். ‘நான் மேயரானால் எங்கள் மதகுக்கு ஒரு மூடி போடுவேன். நேரம் மிஞ்சினால் அடுத்த ஒழுங்கைக்கும் போடுவேன்.’ அவ்வளவுதான். நான் எட்டிப் பார்த்துச் சிரித்தேன்.

கொப்பிகளை ரீச்சர் வெள்ளிக்கிழமை கட்டி எடுத்துக்கொண்டு போனார். மே 15.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரியூசனில் இருந்தோம். கணக்கு மாஸ்டருக்கு யாரோ வாசலில் வந்து என்னவோ சொன்னார்கள். அவர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, “வீட்டுக்குப் போங்கோ, பிள்ளையள். நேரா வீட்டுக்குப் போங்கோ” என்றார். வழியில்தான் காரணம் தெரிந்தது. மேயரை அவருடைய வீட்டில் வைத்துச் சுட்டுவிட்டார்கள்.

சங்கிலியன் படை என்ற பெயரில் உரிமை கோரினார்கள். விடுதலைப் புலிகள்தான் என்பது பரவலான முடிவு. இந்த வரியை மலர்க்குழு வெட்டாது என்று நம்புகிறேன். வெட்டினால் கட்டுரை முழுவதையும் எடுத்துவிடுங்கள், கோபமில்லை. அன்று அப்பம்மா ஒன்றும் பேசவில்லை. இரவு விளக்கைத் தணிக்கும்போது மட்டும், “குப்பை அள்ளுறதுக்குப் போன மனுசி” என்றா. தன்பாட்டுக்குச் சொன்னது, எங்களுக்கு இல்லை.

கொப்பிகள் அந்தக் கிழமை நடுவில் வந்தன. ரீச்சர் வழக்கம் போல ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டவில்லை, எடுத்து நீட்டிக்கொண்டே போனார். எனக்கு இருபதுக்குப் பதின்மூன்று, அவளுக்குப் பதினேழு. இன்னொருத்தி ‘மேயர் அம்மா’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தாள். ‘அம்மா’ எல்லாவற்றையும் சிவப்பால் வெட்டி, ஓரத்தில் ‘மேயருக்கு ஆண்பால் பெண்பால் இல்லை’ என்று குறித்திருந்தார் ரீச்சர். அதைத்தான் வகுப்பு முழுவதும் மாறி மாறிப் பார்த்தோம்.

என் ஒட்டகச்சிவிங்கிகளுக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. கடைசி வரிக்குப் பக்கத்தில், காவலுக்கு ஒருவரையும் நிறுத்த மாட்டேன் என்ற வரிக்கு, ஒரு சரி. நீளமான, வால் இழுத்த சரி. அது ஞாயிறுக்கு முன் போட்டதா, பின் போட்டதா? கேட்க வாய் வரவில்லை. ரீச்சர் இப்போது இல்லை.

அந்தத் தலைப்பு மறுபடி எங்களுக்கு வரவில்லை. அதே வருடம் செப்டெம்பர் 11இல் அடுத்த மேயர் பொன். சிவபாலனும் போனார். நகரப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் கூட்டத்தில், நல்லூர் மாநகரசபைக் கட்டடத்துக்குள்ளேயே குண்டு வைத்தார்கள். எந்த வீதியை ஒருவழியாக்குவது, எங்கே பஸ் நிறுத்துவது என்ற கூட்டம் அது! இவர்களுக்கு முன், 1975 ஜூலையில் பொன்னாலைக் கோயிலடியில் அன்றைய மேயர் அல்பிரட் துரையப்பா. 2001இல் மேயராக இருந்த ரவிராஜ், எம்.பி. ஆனபின் 2006இல் கொழும்பில். கையொப்பம் வைக்கிற அதிகாரம் என்று பார்த்தால் வடிகான், குப்பை, சந்தை, சுடலை, விளக்கு, நூலகம். இதற்கு இவ்வளவு உயிர். எங்கள் சங்கக் கூட்டங்களில் தலைவர் பதவிக்குச் சண்டை பிடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஏனோ இந்த வரிசை ஞாபகம் வரும். அவர்கள் மன்னிக்கவேண்டும்.

2009இல் யோகேஸ்வரி பற்குணராஜா மேயரானார். 2025 ஜூனில் மதிவதனி விவேகானந்தன். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் வகுப்பு வட்சப் குழுவில் கைதட்டுகிற படங்கள் குவிந்தன. ஒருத்தி மட்டும், “மேயர் அம்மாவுக்கு வாழ்த்துகள்” என்று போட்டாள். யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஆள்தான். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகும் திருந்தவில்லை. “ரீச்சர் வெட்டுவா” என்று நாலு பேர் உடனே பதில் போட்டோம்.

அந்த ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போனேன். பக்கத்து வாங்குக்காரி ஊரை விட்டுப் போகவில்லை, அதே வீடு. ஒழுங்கை முகப்பில் ஓட்டோவை விட்டு இறங்கினதும் நான் முதல் பார்த்தது மதகைத்தான். மூடி இருந்தது. கொங்கிறீற், நல்ல தடிப்பு. காய முன் யாரோ பிள்ளை குச்சியால் கீறிய பூ ஒன்றும் மூலையில் இருந்தது. எந்த மேயர் காலத்தில் போட்டது என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வர இருந்தது என்றாள். அவள் இப்போது ரீச்சர், விஞ்ஞானம்.

நான் போனை எடுத்து அதைப் படம் பிடிக்கக் குனிந்தேன்.

“படம் பிறகு எடு. முதல் அந்தப் பக்கம் ஏறி நில்லு” என்றாள்.

ஏறி நின்றேன். ஆடியது.

“மூண்டு தரம் கடிதம் குடுத்திட்டன்” என்றாள். “திங்கட்கிழமை திரும்பப் போறன். நீயும் வாறியா?”