அடித்த சொல்லும் எடுத்த சொல்லும்

ஏழு ஆண்டுகளாக என் மின்னஞ்சல் குப்பைத் தொட்டிதான் என் அலமாரி. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். ஒரு நாளில் நாற்பது கடிதங்கள் வரும். படித்து வேலையை முடித்ததும் கடிதத்தை வேறு கோப்புறைக்கு மாற்றுவதென்றால் இழுக்க வேண்டும், தேட வேண்டும், போட வேண்டும். டெலீட் என்றால் ஒரு தட்டு. ஆகவே இன்பாக்ஸில் இருப்பவை செய்ய வேண்டியவை, குப்பையில் இருப்பவை செய்து முடித்தவை. தேடினால் அங்கிருந்தும் கிடைத்தது. என்ன குறை?

புதுக் கணினி வாங்கியபோது எல்லாவற்றையும் ஒழுங்காகச் சர்வருக்கு ஏற்றினேன், குப்பையைக் குப்பைக் கோப்புறைக்கே. பழைய கணினியில் இன்பாக்ஸையும் குப்பையையும் காலி செய்துவிட்டு அதைப் பரண்மேல் போட்டேன். புதிய அஞ்சல் நிரலின் அமைப்புகளில் 'வெளியேறும்போது குப்பையைக் காலி செய்' என்று ஒரு கட்டம். அதில் டிக் செய்தது நான்தான், நல்ல பழக்கம் என்று நினைத்து.

ஆறு வாரம் கழித்து ஒரு நூலாசிரியரிடமிருந்து கோபமான கடிதம். அவர் 'நடுகல்' என்று எழுதிய இடங்களிலெல்லாம் 'நடுக்கல்' என்று அச்சாகியிருக்கிறதாம். ஒரு ககர ஒற்று. நடுகல் வினைத்தொகை, அங்கே வலி மிகாது. ஒற்று வந்தால் நடுவில் கிடக்கும் கல் என்று பொருள் மாறிவிடும். இது எனக்குத் தெரியாதா? 'நீங்கள்தானே ஐயா ஒற்றுப் போடச் சொல்லி எழுதினீர்கள்' என்று பதில் எழுதத் தொடங்கி, அவருடைய பழைய கடிதத்தை எடுத்துக் காட்டலாம் என்று குப்பையைத் திறந்தேன். வெறுமை.

ஜிமெயில் போன்ற சேவைகளில் குப்பைக்குப் போன கடிதம் 30 நாள் இருக்கும், பிறகு தானாகவே போய்விடும். அதுவும் நாமே முந்திக்கொண்டு காலி செய்யாவிட்டால். அலுவலகங்களில் பயன்படும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் சர்வரில் குப்பையிலிருந்து எறிந்த பிறகும் மீட்பதற்கென்று பின்னால் ஒரு மறைவான கோப்புறை உண்டு. நிர்வாகி மாற்றாவிட்டால் அங்கே 14 நாள் தங்கும். என் கணக்கு இருந்த இடத்தில் இப்படிப்பட்ட கருணை எதுவும் இல்லை என்று பதில் வந்தது, மிகவும் பணிவாக.

அதன் பிறகுதான் 'அழித்தல்' என்றால் உண்மையில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். படித்தால், எங்கள் தொழில்தான்! மெய்ப்பில் ஒரு சொல்லை நான் அடித்தால் அந்தச் சொல் போய்விடுவதில்லை. ஓரத்தில் நீக்கற்குறி போடுகிறேன், அவ்வளவுதான். பக்கத்தை வடிவமைப்பவர் கை வைக்கும்வரை சொல் அங்கேயே இருக்கும். கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் படிப்பதற்காக 1986இல் மார்க் கிரிஸ்பின் உருவாக்கத் தொடங்கிய ஐமேப் நெறிமுறையும் இப்படித்தான் நடக்கிறது. கடிதத்தின்மேல் முதலில் 'அழிக்கப்பட்டது' என்று ஒரு கொடி மட்டும் ஏறும். 'எக்ஸ்பஞ்ச்' என்ற இன்னொரு கட்டளை வந்தால்தான் அது உண்மையில் நீங்கும். பழைய அவுட்லுக்கில் ஐமேப் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், அழித்த கடிதம் நடுவே கோடு இழுத்தபடி பட்டியலிலேயே கிடக்கும். பலரும் அதைக் கோளாறு என்றார்கள். எனக்கென்னவோ அதுதான் நேர்மையான காட்சி. கடிதங்களை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் நெறிமுறையிலும் இதே கதைதான். அழிக்கச் சொன்ன கடிதங்களை நாம் முறைப்படி விடைபெறும்போதுதான் சர்வர் நீக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் ஒன்றையும் தொடாது.

ஆக, குப்பைத் தொட்டி என்பது நெறிமுறையின் அடிப்படையில் இல்லாத, நிரல்கள் நமக்காகக் கட்டிய ஒரு மரியாதை. ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றிய பெயரில் கட்டியதால்தான் ஒரே கணக்கில் 'டிராஷ்', 'டெலீட்டட் ஐட்டம்ஸ்', 'டெலீட்டட் மெசேஜஸ்' என்று மூன்று தொட்டிகள் சேர்ந்தன. எது குப்பை என்று சர்வரே அடையாளம் சொல்லும் வழி 2011இல்தான் வந்தது. நகர்த்துவதற்கென்று தனிக் கட்டளை அதற்கும் பின்னால், 2013இல். அதுவரை குப்பைக்கு அனுப்புவதென்றால் அங்கே ஒரு நகல் எடுத்து, மூலத்தில் கொடி ஏற்றி, பிறகு நீக்க வேண்டும். பெட்டி நிரம்பிய நிலையில் நகலுக்கு ஏது இடம்? 'இடமில்லை, எதையாவது அழியுங்கள்' என்பதும், அழித்தால் 'இடமில்லை' என்பதும் ஒரே வாயிலிருந்து வந்ததன் ரகசியம் இதுதான்.

இதைப் படிக்கும்போதுதான் பரண் நினைவுக்கு வந்தது. பழைய கணினியில் இருந்தது தண்டர்பேர்டு என்ற அஞ்சல் நிரல், அதில் பாப் கணக்கு. அது ஒரு கோப்புறையின் கடிதங்களையெல்லாம் வால்பிடித்தாற்போல ஒரே கோப்பில் எழுதி வைக்கும். டெலீட் செய்தால் குப்பைக்கு ஒரு நகல் போகும். இன்பாக்ஸ் கோப்பில் அந்தக் கடிதத்தின் தலைப்பகுதியில் ஓர் எண் மாறும். 'காம்பாக்ட்', அதாவது கோப்பைச் சுருக்கு என்ற கட்டளை, கொடுத்தால்தான் உடல் போகும். செய்யட்டுமா என்று அது அவ்வப்போது கேட்கும். அவசரத்தில் இருப்பவன் என்ன சொல்வான்? ஏழு ஆண்டும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.

கணினியை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன். இன்பாக்ஸில் கடிதம் எதுவும் இல்லை. அந்த இன்பாக்ஸின் கோப்பு 1.8 ஜிபி.

ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலை உரைத்திருத்தியில் திறந்து 'நடுக்கல்' என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அதில் தமிழே இல்லை! தமிழ்க் கடிதங்கள் பெரும்பாலும் பேஸ்64 குறியாக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த கூளம். கடிதங்களை நிரலே மறுபடி காட்டினால்தான் உண்டு. 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்ற வரியில் 0009 என்று இருந்தால் படித்தது, அழித்தது. அதை 0001 ஆக்கினால் படித்தது மட்டும். 'அனைத்தையும் மாற்று' பொத்தானை அழுத்தினேன். பக்கத்தில் இருந்த அட்டவணைக் கோப்பை நீக்கிவிட்டுத் தண்டர்பேர்டைத் திறந்தால், ஆயிரக்கணக்கில் வந்து நின்றன. ஆசிரியரின் கடிதம் மட்டும் இல்லை.

அரைநாள் கழித்துத்தான் உறைத்தது. பதில் எழுதிய கடிதங்களுக்கு எண் வேறு: 000பி. அதை 0003 ஆக்க வேண்டும். நான் அவருக்குப் பதில் போட்டவன் அல்லவா, 'அப்படியே செய்கிறேன் ஐயா' என்று?

கடிதம் வந்தது. ஒற்றுப் போடச் சொல்லித்தான் எழுதியிருந்தார். 'பக்கம் 112இல் மட்டும்' என்று எழுதியிருந்தார். அங்கே உண்மையிலேயே நடுவில் கிடக்கும் கல்லைப் பற்றித்தான் பேச்சு. நான் அன்றைக்கும் 'அனைத்தையும் மாற்று' பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறேன்.

பாதி எழுதியிருந்த பதிலை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதினேழு இடங்கள். அடுத்த அச்சில் திருத்துவதாகப் பதிப்பாளர் சொல்லியிருக்கிறார். மெய்ப்பை இந்த முறை ஆசிரியரே பார்த்துக்கொள்கிறாராம்.