பதுக்கி வைக்காதீர்கள்: ஹெரெடிக் ஆடப்போகிறவர்களுக்கு

குறைந்த விலையில் நல்ல பழைய ஷூட்டர் (எதிரிகளைச் சுட்டு வீழ்த்தும்) கணினி விளையாட்டு, அதிலும் துப்பாக்கிக்குப் பதில் மந்திரம் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் ஹெரெடிக்கைத்தான் சொல்வேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ரேவன் சாஃப்ட்வேர், டூம் என்ற பழைய ஷூட்டர் விளையாட்டின் எஞ்சினை, அதாவது அதை இயக்கும் அடிப்படை மென்பொருளை எடுத்து, அண்ணாந்து பார்க்கவும் பறக்கவும் வழி செய்து இதை உருவாக்கியது; 1994 டிசம்பரில் வெளிவந்தது.

மந்திரவாதி வேடம் போட்ட டூம் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆயுதங்களை மட்டும் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. தொடக்கத்தில் கிடைக்கும் மந்திரக்கோல் மிகவும் பலவீனமானது. கோடரி வீசும் பிணவீரன் ஒருவனை அதை வைத்து வீழ்த்துவதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் இந்த விளையாட்டின் உயிர் ஆயுதத்தில் இல்லை, பையில் இருக்கிறது.

காயம் ஆற்றும் குப்பி, நேரம் வைத்து வெடிக்கும் குண்டு, பறக்கும் சிறகு என வழியெங்கும் பொருள்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 16 வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கட்டத்தை முடித்து அடுத்ததற்குள் நுழையும்போது, சிறகு தவிர மற்றவற்றில் வகைக்கு ஒன்றுதான் கையில் மிஞ்சும். மற்றவை போனது போனதுதான். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதி இதுதான். கடைசிச் சண்டைக்கு ஆகட்டும் என்று முடிந்து வைக்கிற பழக்கத்துக்கு இங்கே இடமே இல்லை. தாராளமாகச் செலவழிக்கிறவனுக்கே இங்கே ஆட்டம் இனிக்கும்.

ஒரு குறுகிய நடை. எதிரே நாலைந்து பிணவீரர்கள் கோடரிகளோடு வருகிறார்கள். மார்ஃப் ஓவம் என்கிற முட்டையை எறியுங்கள். அது ஐந்தாகப் பிரிந்து பாயும், பட்டவனெல்லாம் கோழி. அந்தக் கோழிகளும் ஓடிவந்து கொத்தும், சற்று நேரத்தில் பழைய உருவத்துக்குத் திரும்பியும் விடும். அதற்குள் கைத்தடியாலேயே கதையை முடித்துவிட வேண்டும். முதல் அத்தியாயத்தின் இறுதியில் வரும் அயர்ன் லிச் என்ற பெரிய எதிரியிடம் இந்த முட்டை பலிக்காது. அது ஏவும் சூறாவளி உங்களைத் துரத்திப் பிடித்துச் சுழற்றி எறியும்.

அப்போது டோம் ஆஃப் பவர் என்ற நூலைப் பயன்படுத்துங்கள். 40 விநாடிகளுக்கு உங்கள் ஆயுதங்கள் எல்லாமே வேறொன்றாக மாறும். ஹெல்ஸ்டாஃப் எதிரியின் தலைக்கு மேல் செம்மழையே பொழியும். ஃபீனிக்ஸ் ராட் தொடர்ந்து தீ கக்கும். எந்த ஆயுதத்தோடு சேர்த்தால் என்ன நடக்கும் என்று பார்ப்பதற்காகவே இதை மறுபடி மறுபடி ஆடலாம்.

2025 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டூடியோஸ் இதைப் புதுப்பித்து, இதன் தொடர்ச்சியான ஹெக்சனோடு சேர்த்து ‘ஹெரெடிக் + ஹெக்சன்’ என்ற ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. அமெரிக்க விலை 15 டாலர். தள்ளுபடிக் காலத்தில் பார்த்து வாங்குங்கள். இரண்டு விளையாட்டுகளுக்கும் புதிய அத்தியாயங்களும் உண்டு. மூன்று வீரர்களில் ஒருவரைத் தேர்ந்து ஆடும் ஹெக்சன், எங்கோ ஒரு விசையைத் தட்டிவிட்டு எங்கே கதவு திறந்தது என்று அலைய வைக்கும். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டூமில் சாகாவரம் தரும் ஐடிடிக்யூடி என்ற குறுக்குவழிச் சொல்லை மட்டும் இங்கே தட்டிவிடாதீர்கள். ஹெரெடிக் உங்களை அந்த இடத்திலேயே கொன்றுவிடும்.